தட்டணுக்களை எண்ணினால் போதுமா?

டெங்குப் பருவம் வந்துவிட்டால் தமிழ்நாட்டில் எல்லா வீட்டிலும் ரத்தவியல் பேச்சுதான். "நேத்து எண்பதாயிரம், இன்னிக்கு அறுபத்தஞ்சாயிரம்" என்று மருத்துவமனை வராந்தாவில் நின்று போனில் சொல்வார்கள். பப்பாளி இலைச் சாறு அரைபடும். இந்தப் பதற்றத்தின் வழியாக நமக்கு ஓர் எண் மனப்பாடமாகியிருக்கிறது: ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் தட்டணுக்கள். அதற்கு மேலே என்றால் நிம்மதி, கீழே என்றால் கலக்கம். டெங்குவிலேயே இந்தக் கணக்கு பாதி உண்மைதான். அங்கே உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவு அல்ல, ரத்த நாளங்களிலிருந்து நீர்மம் கசிவது.

பிறவியிலேயே தட்டணுக் கோளாறோடு வரும் குழந்தையிடம் அந்த எண் இரண்டு பக்கமும் ஏமாற்றும். எண்ணிக்கை மூன்று லட்சம் இருந்தும், பால்பல் விழுந்த குழியிலிருந்து இரவெல்லாம் ரத்தம் கசியும் குழந்தை உண்டு. எண்பதாயிரமே இருந்தும், ஓடி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு ஒன்றும் ஆகாமல் எழுந்துபோகும் குழந்தையும் உண்டு. இரண்டுக்கும் காரணம் மரபணு. இவ்விரண்டு வகைகளையும் பற்றிய முக்கியமான மருத்துவப் பதிவுகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தவை என்பது நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாத செய்தி.

தட்டணு ஒரு முழுச் செல் அல்ல. எலும்பு மஜ்ஜைக்குள் மெகாகேரியோசைட் என்ற ராட்சதச் செல்கள் இருக்கின்றன. அவை தம் உடலின் ஓரங்களை நீளநீளமாக ரத்த நாளத்துக்குள் நீட்ட, அங்கே அறுந்து மிதக்கும் துணுக்குகளே தட்டணுக்கள். குறுக்களவு இரண்டு மூன்று மைக்ரோமீட்டர். ஆயுள் ஏழு முதல் பத்து நாள். ஒரு வளர்ந்த மனித உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி தட்டணுக்களை உருவாக்குகிறது. இத்தாலியின் ஜூலியோ பிட்ஸொஸெரோ 1882இல் இவற்றின் வேலையை விளக்கினார். இவை மெகாகேரியோசைட்டிலிருந்து உதிர்பவை என்று பாஸ்டனில் ஜேம்ஸ் ஹோமர் ரைட் 1906இல் காட்டினார். தட்டணுவுக்குள் கரு கிடையாது. ஆகவே மரபணுவில் உள்ள பிழை தாய்ச்செல்லிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. உதிர்ந்து வரும் ஒவ்வொரு துணுக்கும் அந்தக் குறையைச் சுமந்தபடியே வருகிறது. பத்து நாளில் பழையவை மாண்டு புதியவை வந்தாலும் குறை மாறாது.

எத்தனை தட்டணு வேண்டும் என்பதை உடல் எப்படித் தீர்மானிக்கிறது? கல்லீரல் த்ரோம்போபொயட்டின் என்ற ஹார்மோனை ஏறக்குறைய ஒரே சீராகச் சுரந்துகொண்டிருக்கிறது. தட்டணுக்களின் மேற்பரப்பில் அதைப் பிடித்து விழுங்கும் ஏற்பிகள் உள்ளன. தட்டணுக்கள் நிறைய இருந்தால் ஹார்மோன் பெரும்பாலும் அவற்றிலேயே தீர்ந்துவிடும், மஜ்ஜைக்குச் சொற்பமே போய்ச் சேரும். தட்டணுக்கள் குறைந்தால் ஹார்மோன் மிஞ்சும், மஜ்ஜை முடுக்கிவிடப்படும். இந்த ஹார்மோன் 1994இல்தான் பிரித்தறியப்பட்டது. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று: உடல் காப்பாற்றுவது தட்டணுக்களின் தலையெண்ணிக்கையை அல்ல, மொத்தப் பருமனை. ஒவ்வொரு தட்டணுவும் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தால் குறைந்த எண்ணிக்கையே போதும். பரிசோதனைக் கூடத்து இயந்திரம் எண்ணை மட்டும் அச்சிட்டுத் தரும்போது, இந்த நுட்பம்தான் முதலில் தொலைகிறது.

முதல் வகைக் குழந்தையிடம் வருவோம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் எடுவார்ட் கிளான்ஸ்மான் என்ற குழந்தை மருத்துவர் 1918இல் ஒரு விசித்திரமான நோய்க்கூட்டத்தை விவரித்தார். தட்டணு எண்ணிக்கை சரியாக இருக்கிறது, ரத்தம் உறையவும் செய்கிறது, ஆனாலும் குழந்தைக்கு ரத்தக்கசிவு நிற்பதில்லை. அவர் ஒரு கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். சாதாரண ரத்தம் உறைந்தபின் ஓரிரு மணி நேரத்தில், ஈரத்துணியைப் பிழிந்ததுபோல அந்தக் கட்டி சுருங்கித் தெளிந்த நீர்மத்தை வெளியே தள்ளும். இந்தக் குழந்தைகளின் ரத்தக்கட்டி குழாயை அடைத்துக்கொண்டு அப்படியே கிடந்தது. தட்டணுக்கள் இருக்கின்றன, வேலை செய்யவில்லை என்று அவர் முடிவுகட்டினார். அன்றைய கருவிகளை நினைத்துப் பார்த்தால் அபாரமான ஊகம்.

காரணம் தெரிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பாரிஸில் ஆலன் நுர்டனும் ஜாக் கேனும் 1974இல் இந்த நோயாளிகளின் தட்டணு மேற்பரப்பில் ஒரு புரதம் குறைந்திருப்பதைக் கண்டார்கள். ஒவ்வொரு தட்டணுவின் மேலும் ஏறத்தாழ 80,000 பிரதிகள் இருக்க வேண்டிய இன்டெக்ரின் அது. இரண்டு கூறுகளால் ஆனது. கூறுக்கு ஒரு மரபணு, இரண்டும் 17ஆம் குரோமோசோமில். காயம் பட்ட இடத்தில் தட்டணு தூண்டப்பட்டதும் இந்த இன்டெக்ரின் உருமாறி, ரத்தத்தில் மிதக்கும் ஃபைப்ரினோஜெனைப் பற்றும். அந்த ஃபைப்ரினோஜெனின் மறுமுனையை இன்னொரு தட்டணு பற்றும். இப்படித்தான் அடைப்பு உருவாகிறது. இரண்டு மரபணுக்களில் ஏதேனும் ஒன்று தாய்வழியிலும் தந்தைவழியிலும் பழுதாகி வந்துவிட்டால், இன்டெக்ரின் மேற்பரப்புக்கே வராது, வந்தாலும் பற்றாது. தட்டணுக்கள் காயத்தில் ஒட்டும், ஒன்றோடொன்று சேராது.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். லண்டனில் குஸ்டாவ் பார்ன் 1962இல் வடிவமைத்த முறை இன்றும் அடிப்படை. தட்டணு மிகுந்த பிளாஸ்மா கலங்கலாக இருக்கும், ஒளி அதிகம் ஊடுருவாது. அதில் ஏடிபி என்ற வேதிப்பொருளைச் சொட்டினால் தட்டணுக்கள் திரண்டு கட்டியாகும், கலங்கல் தெளியும், வரைதாளில் கோடு மேலே ஏறும். கிளான்ஸ்மான் குழந்தையின் கோடு தாளின் அடியிலேயே நேராக ஓடும். ஏடிபி, கொலாஜென், அட்ரினலின் எதைச் சேர்த்தாலும் அதே தட்டைக் கோடு. ரிஸ்டோசெட்டின் சேர்த்தால் மட்டும் ஏறும். ரிஸ்டோசெட்டினின் கதையே தனி: ஒரு காலத்தில் கிருமிக்கொல்லியாகக் கொடுத்து, நோயாளிகளின் தட்டணு குறைகிறது என்று கைவிடப்பட்ட மருந்து. ஆளுக்கு ஆகாத அந்தக் குணமே ஆய்வகத்தில் அதற்கு மறுவாழ்வு தந்தது. இதற்கு நேரெதிரான கோடு காட்டும் நோயும் உண்டு. ஜான் பெர்னாரும் ஜான்-பியர் சூலியேயும் 1948இல் விவரித்த நோயில் மற்ற எல்லாவற்றுக்கும் கோடு ஏறும், ரிஸ்டோசெட்டினுக்கு ஏறாது. அங்கே பழுதான புரதம் வேறு: காயத்தில் முதலில் ஒட்டிக்கொள்ள வேண்டிய புரதம். அந்தத் தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தவை, சில சிவப்பணுவின் அளவுக்கே பெருத்தவை.

உலகக் கணக்கில் கிளான்ஸ்மான் நோய் பத்து லட்சத்தில் ஒருவருக்கு வருவதாகச் சொல்வார்கள். அது சராசரி, சராசரி இங்கே அதிகம் உதவாது. ஈராக்கிய யூதர்கள், பிரான்சின் மனூஷ் நாடோடி மக்கள், ஜோர்டான் பகுதி அரபுக் குடும்பங்கள் ஆகியோரிடம் இது கொத்துக் கொத்தாகக் காணப்படுகிறது. நான்காவதாக மருத்துவ நூல்கள் சொல்லும் கொத்து தென்னிந்தியா. வேலூர் மருத்துவர்கள் 1981இல் ஒரே கட்டுரையில் 42 நோயாளிகளைப் பதிவு செய்தார்கள். பத்து லட்சத்தில் ஒருவர் என்று சொல்லப்படும் நோய்க்கு ஒரு மருத்துவமனையிலிருந்து 42 பேர் என்பது சாதாரண எண்ணிக்கை அல்ல.

ஏன் இங்கே என்பதற்குப் பதில் நமக்குத் தெரிந்ததுதான். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் உறவுக்குள் மணந்தவர்கள் சுமார் 28 விழுக்காடு. கேரளத்தில் இது ஐந்துக்கும் கீழே. அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் பிறக்கும் குழந்தைக்கு எந்த ஒரு மரபணு இடத்திலும் ஒரே மூதாதையின் ஒரே பிரதி இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்வதற்கான வாய்ப்பு 16இல் ஒன்று. தாய்மாமனை மணந்தால் அது 8இல் ஒன்று. பெரும்பாலான குழந்தைகளுக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. ஆகவே உறவுத் திருமணம் என்றாலே ஊனம் என்று மேடையில் முழங்குவது மிகை. ஆனால் அரிதான ஒரு பழுது குடும்பத்தில் ஏற்கெனவே இருந்துவிட்டால் கணக்கு அப்படியே மாறிவிடும். சொந்தத்தில் கட்டவில்லை, சாதிக்குள்தான் கட்டினோம் என்று சொல்லி இதிலிருந்து தப்பிவிடவும் முடியாது. ஹைதராபாத் சிசிஎம்பி விஞ்ஞானிகளும் ஹார்வர்ட் விஞ்ஞானிகளும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களில் 81 குழுக்கள், மரபியலாளர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டும் ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விடக் குறுகிய மூதாதைக் கூட்டத்திலிருந்து பெருகியவை என்று தெரிந்தது. தலைமுறை தலைமுறையாகக் குழுவுக்குள்ளேயே மணம் முடித்தால், பத்திரிகையில் உறவு என்று எழுதாவிட்டாலும் ரத்தத்தில் உறவுதான்.

இந்த நோயோடு வளரும் குழந்தைக்கு வீட்டு நிகழ்ச்சிகளே சோதனைகள். காதுகுத்தன்று துளையில் ரத்தம் நிற்காது. முகமதியக் குடும்பமென்றால் சுன்னத்தில் முதன்முதலாகத் தெரியவரும். மூக்கில் ஒழுகும், ஈறு கசியும், காரணமில்லாமல் தொடையில் நீலம் பாரிக்கும். ஹீமோஃபிலியாவில் மூட்டுக்குள் ரத்தம் கட்டும், இங்கே பெரும்பாலும் கட்டாது. ஹீமோஃபிலியா முக்கியமாக ஆண்பிள்ளைகளைத் தாக்கும், இது இருபாலரையும் ஒன்றுபோலத் தாக்கும். பெண்குழந்தைக்குப் பூப்பெய்தும் நாள்தான் மிகக் கடினமானது. முதல் மாதவிடாயே நாட்கணக்கில் நிற்காமல் போய், ஹீமோகுளோபின் பாதியாகி, ரத்தம் ஏற்ற வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும். நோய் முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஹார்மோன் மாத்திரையும் டிரானெக்சாமிக் அமிலமும் தயாராக வைத்து இதைச் சமாளிக்கலாம். தெரியாத வீட்டில் அது "பயந்த கோளாறு" ஆகிவிடுகிறது.

தட்டணு ஏற்றுவது உடனடி மருந்து. அதிலும் ஒரு சிக்கல். இந்தக் குழந்தையின் உடல் பிறந்ததிலிருந்து அந்த இன்டெக்ரினைக் கண்டதே இல்லை. அடுத்தவர் தட்டணுவில் அதைக் காணும்போது அந்நியம் என்று எதிர்ப்புரதம் உண்டாக்கிவிடலாம். அப்புறம் ஏற்றிய தட்டணுக்கள் நிற்காது. அதனால்தான் சின்னக் கசிவுகளுக்கெல்லாம் தட்டணு ஏற்றாமல், அழுத்திப் பிடிப்பதிலும் மருந்திலும் நிறுத்திவிட்டு, பெரிய ஆபத்துக்கு அதைச் சேமித்து வைக்க வேண்டும் என்று ரத்தவியலாளர்கள் மன்றாடுகிறார்கள். எதிர்ப்புரதம் உண்டானவர்களுக்கு உறைதலைத் தூண்டும் ஏழாம் காரணி ஊசி இருக்கிறது. விலை கேட்டால் தலை சுற்றும்.

இந்த அரிய குழந்தை நோய் மாரடைப்பு சிகிச்சைக்கே ஒரு கொடை தந்தது. கிளான்ஸ்மான் நோயாளிகளின் தட்டணு திரளாமல் இருப்பதைக் கண்ட அமெரிக்க ரத்தவியலாளர் பேரி காலர், அதே இன்டெக்ரினை மருந்தால் அடைத்தால் இதய நாளத்தில் கட்டி உருவாவதைத் தடுக்கலாமே என்று எண்ணினார். அவருடைய எதிர்ப்புரதத்திலிருந்து உருவான ஆப்சிக்சிமாப் 1994இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்ட ஏராளமானோருக்குப் போடப்பட்டது. ஓர் ஏழைக் குழந்தையின் மூக்கில் வழியும் ரத்தத்தைப் படித்து முதியவர்களின் இதயத்துக்கு மருந்து கண்டார்கள். அந்தக் குழந்தைக்கான மருந்துதான் இன்னும் வரிசையில் பின்னால் நிற்கிறது.

இனி இரண்டாவது வகை. வேலூருக்கு ரயிலேறி வரும் வங்காளக் குடும்பங்களை அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடைப்பலகைகளிலேயே வங்காள எழுத்து இருக்கும். வங்காளத்திலிருந்து வந்து ரத்ததானம் செய்தவர்களில் கணிசமானோருக்குத் தட்டணு ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இருப்பதை வேலூர் மருத்துவர்கள் கவனித்தார்கள். அவர்கள் நோயாளிகள் அல்ல, ஆரோக்கியமான கொடையாளிகள். யாருக்கும் ரத்தக்கசிவு வரலாறு இல்லை. தென்னிந்தியக் கொடையாளிகளோடு ஒப்பிட்டபோது அவர்களுடைய தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறைவு, அளவில் பெரிது. 2002இல் இது வெளியானது. கட்டுரையாளர்களில் ஒருவரின் பெயரால் பின்னர் ஹாரிஸ் தட்டணு நிலை என்று அழைக்கப்பட்டது. முன்னே சொன்ன பருமன் கணக்கு இங்கே பொருந்துகிறது: பெரிய துணுக்குகள், குறைந்த எண்ணிக்கை, வேலைக்குப் பங்கமில்லை. இது நோயே அல்ல. அந்த மக்களுக்கு அதுதான் இயல்பு. ஐரோப்பிய மக்களிடமிருந்து எடுத்த எல்லைக்கோட்டை எல்லோர் மீதும் வைத்ததால் அது குறைபாடாகத் தெரிந்தது. இன்று சென்னையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் வங்காளத் தொழிலாளியின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து தட்டணு 95,000 என்று அச்சாகி வந்தால், அது அந்தப் பிள்ளைக்கு எப்போதும் உள்ள எண்ணிக்கையாகவே இருக்கக்கூடும் என்ற நினைப்பு சிகிச்சை கொடுப்பவருக்கு வர வேண்டும்.

இயந்திரத்தின் குறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். பல எண்ணும் கருவிகள் துகளின் அளவைக் கொண்டே இது தட்டணு, இது சிவப்பணு என்று பிரிக்கின்றன. ராட்சதத் தட்டணுவைச் சிவப்பணுக் கணக்கில் சேர்த்துவிடும். 40,000 என்று அச்சாகும் குழந்தைக்கு உண்மையில் இன்னும் பல்லாயிரம் அதிகம் இருக்கலாம். போதாக்குறைக்கு, ரத்தம் எடுத்துவைக்கும் குழாயில் அது உறையாமலிருக்கச் சேர்க்கும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளே சிலருடைய தட்டணுக்களை ஒட்டிக்கொள்ளச் செய்யும். கருவி ஒரு கொத்தை ஒன்றாக எண்ணும் அல்லது விட்டுவிடும். இரண்டையும் தீர்க்கும் வழி பழையது, மலிவானது: ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயமேற்றி, அனுபவமுள்ள கண் நுண்ணோக்கியில் பார்ப்பது. ஸ்மியர் என்று லேபில் கேட்டால் தெரியும்.

அந்தத் தகட்டில் தெரியும் விஷயங்கள் எத்தனையோ. ராட்சதத் தட்டணுக்களோடு, வெள்ளணுக்களுக்குள் வெளிர்நீலத் திட்டு தெரிந்தால் எம்ஒய்எச்9 என்ற மரபணுவை நினைக்க வேண்டும். ரிச்சர்ட் மே 1909லும் ராபர்ட் ஹெக்லின் 1945லும் விவரித்த நிலை இது. தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். சிறுவயதில் தட்டணு மட்டும் குறைவாக இருக்கும்; வயது ஏற ஏறச் சிலருக்குக் காது மந்தமாகும், சிறுநீரகம் பழுதாகும், கண்புரை விழும். தட்டணுக்கள் மிகச் சிறியவையாக, ஆண்குழந்தையாக, தோலில் கரப்பானும் அடிக்கடி காதில் சீழும் சேர்ந்திருந்தால் அது விஸ்காட்-ஆல்ட்ரிச் நோய். மியூனிக்கில் ஆல்ஃபிரட் விஸ்காட் 1937இல் ஒரே வீட்டின் மூன்று சகோதரர்களிடம் இதைப் பார்த்தார். அவர்களுடைய சகோதரிகளுக்கு ஒன்றுமில்லை. தாய்வழியே எக்ஸ் குரோமோசோமில் வருவது என்று ராபர்ட் ஆல்ட்ரிச் 1954இல் காட்டினார். மரபணு 1994இல் கிடைத்தது. 2006இல் மியூனிக் மருத்துவர்கள் விஸ்காட் பார்த்த அதே குடும்பத்தின் வாரிசுகளைத் தேடிப்பிடித்து, மூன்று சகோதரர்களையும் கொன்ற பிழை இரண்டே எழுத்துகளின் இழப்பு என்று கண்டறிந்தார்கள். இந்நோய்க்கு இன்று குருத்தணு மாற்று உண்டு. மிலானில் மரபணுச் சிகிச்சையும் பலன் காட்டியிருக்கிறது.

இவ்வளவும் ஏன் தெரிந்திருக்க வேண்டும் என்றால், குழந்தையின் தட்டணு குறைந்தால் முதலில் ஒட்டப்படும் பெயர் ஐடிபி. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் தட்டணுவையே அழிக்கும் நிலை அது. சளிக்காய்ச்சல் வந்துபோன சில வாரத்தில், நேற்றுவரை நன்றாக இருந்த குழந்தையின் உடலெங்கும் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில மாதங்களில் தானே சரியாகிவிடும். ஐடிபிக்கு இதுதான் அறுதியான பரிசோதனை என்று ஒன்று கிடையாது; மற்றவை இல்லை என்பதால் இது என்றே முடிவு செய்கிறார்கள். அதனால் பரம்பரைக் குறைபாடுள்ள குழந்தையும் அந்தப் பெயருக்குள் விழுந்துவிடுகிறது. ஸ்டீராய்டு கொடுத்துப் பயனில்லை, இம்யூனோகுளோபுலின் ஏற்றிப் பயனில்லை, கடைசியில் மண்ணீரலை எடுக்கிறார்கள். எம்ஒய்எச்9 நோயாளிகள் இப்படி மண்ணீரல் இழந்த கதைகள் மருத்துவ இதழ்களில் நிறைய உண்டு. மண்ணீரல் இல்லாத குழந்தை சில பாக்டீரியாத் தொற்றுகளுக்கு வாழ்நாள் முழுக்க அஞ்ச வேண்டும். என் பார்வையில், இந்தத் துறையில் தவிர்க்கக்கூடிய தீங்குகளில் முதலிடம் இதற்குத்தான்.

எந்த மரபணு என்று துல்லியமாகத் தெரிவது ஏட்டறிவுக்காக மட்டுமல்ல, சிகிச்சையே அதனால் தலைகீழாக மாறும். மஜ்ஜையில் மெகாகேரியோசைட்டே இல்லாமல், தட்டணு அடிமட்டத்தில் பிறக்கும் சில குழந்தைகள் உண்டு. நாளடைவில் மஜ்ஜை முழுதும் வறண்டுபோகும். பெரும்பாலோருக்குப் பழுது த்ரோம்போபொயட்டின் ஏற்பியில். ஏற்பி மஜ்ஜைச் செல்லில் இருப்பது, எனவே மஜ்ஜை மாற்றினால் குணமாகும். அரிதாகச் சிலருக்குப் பழுது அந்த ஹார்மோனிலேயே இருக்கும். ஹார்மோன் கல்லீரலில் சுரப்பது. அடுத்தவர் மஜ்ஜையைக் கொண்டுவந்து வைத்தாலும் அதுவும் ஹார்மோன் இல்லாமல் பட்டினிதான் கிடக்கும். அந்தக் குழந்தைக்கு மாற்றுச் சிகிச்சை வீண். ஹார்மோனின் வேலையைச் செய்யும் ரோமிபுளோஸ்டிம் ஊசியே போதும், தட்டணு ஏறிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு குழந்தைகளும் ஒரே மாதிரி. மரபணுவைப் படிக்காமல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ரன்எக்ஸ்1 மரபணுவின் விவகாரம் இன்னும் கவலைக்குரியது. இதில் தட்டணு கொஞ்சம்தான் குறையும், கசிவும் கொஞ்சம்தான். ஆனால் இந்தப் பழுதுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கோ அதற்கு மேலோ பிற்காலத்தில் ரத்தப் புற்றுநோய் வருகிறது. 1999இல் இது உறுதியானது. அப்படி ஒருவருக்கு மஜ்ஜை மாற்று தேவைப்படும்போது, நன்றாகப் பொருந்துகிறாரே என்று கூடப்பிறந்தவரைக் கொடையாளியாக எடுத்தால், அவரும் அதே பழுதைச் சுமப்பவராக இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. இன்று ரத்தவியலாளர்கள் கொடையாளியின் மரபணுவையும் பார்க்கச் சொல்வது இந்தக் காரணத்தால்தான்.

நோயே இல்லாத குழந்தைகளிடமும் தட்டணு எண்ணிக்கை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஒருவருக்கு எப்போது எடுத்தாலும் இரண்டு லட்சத்தை ஒட்டி, இன்னொருவருக்கு நான்கு லட்சத்தை ஒட்டி. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இந்த வேறுபாட்டில் பாதிக்கு மேல் மரபுவழி என்கின்றன. 2011இல் சுமார் 67,000 பேரின் மரபணுத் தொகுதிகளை அலசி, தட்டணுவின் எண்ணிக்கையையோ அளவையோ பாதிக்கும் 68 இடங்களைக் குறித்தார்கள். 2020இல் ஐந்து வம்சாவளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ ஏழரை லட்சம் பேர் வரை இந்த வகை ஆய்வு விரிந்தது. ஒவ்வோர் இடமும் தனியாகச் செய்வது மிகச் சொற்பம். குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிட எண்ணிக்கை சற்று அதிகம், வயதாக ஆக மெல்லக் குறையும். ஆகவே ஒரு குழந்தையின் எண்ணிக்கையை ஒன்றரை லட்சம் என்ற பொதுக் கோட்டோடு மட்டும் ஒப்பிடாமல், அதே குழந்தையின் பழைய எண்ணிக்கையோடு ஒப்பிடுவதே நியாயம்.

மரபணு பரிசோதனை இப்போது நம் ஊர்களிலும் கிடைக்கிறது. பரம்பரைத் தட்டணுக் கோளாறுகளோடு தொடர்புள்ள 60க்கும் மேற்பட்ட மரபணுக்களை ஒரே தடவையில் படித்துவிடுகிறார்கள். முடிவு எப்போதும் தெளிவாக வரும் என்று எதிர்பார்க்கக்கூடாது. பழுதா, சும்மா ஒரு வேறுபாடா என்று சொல்ல முடியாத மாற்றங்கள் அடிக்கடி வரும். ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத் தொகுப்புகளில் ஐரோப்பியர் நிறைய, தெற்காசியர் குறைவு என்பதால் நம் குழந்தைகளுக்கு இந்தத் தெளிவின்மை கூடுதல். தெளிவாக வந்துவிட்டால் பயன் பெரிது: அடுத்த கருவைச் சோதித்தறியலாம், கல்யாணத்துக்கு நிற்கும் உறவினர்களுக்கு எச்சரிக்கை சொல்லலாம். இதைக் குடும்பத்தில் சொல்வது எளிதல்ல. பெண்பிள்ளைக்கு "ரத்தக் குறை" என்று பெயர் வந்துவிடுமோ என்று மறைக்கிறார்கள். மறைத்து முடித்த கல்யாணத்தில், பிரசவ மேசையில் அவளுக்கு ரத்தம் நிற்காதபோது, அங்கிருக்கும் மருத்துவருக்குக் காரணமே தெரியாமல் போகிறது.

உங்கள் குழந்தைக்குத் தட்டணுக் குறைவு என்று சொல்லி ஆறு மாதத்துக்கு மேல் ஆகியும் சரியாகவில்லை என்றால், அல்லது எண்ணிக்கை சரியாக இருந்தும் கசிவு நிற்பதில்லை என்றால், சிலவற்றை நீங்களே செய்யலாம். குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த ரத்த அறிக்கைகளைத் தேடி எடுங்கள். காய்ச்சலுக்கு முன்பே எண்ணிக்கை குறைவாக இருந்ததா என்று அவை சொல்லும். ஸ்மியர் பார்த்தார்களா என்று கேளுங்கள். நீங்கள் இருவரும் சொந்தமா, குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் காது மந்தமோ சிறுநீரகக் கோளாறோ ரத்தப் புற்றோ உண்டா என்பதைக் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். ஆஸ்பிரினும் இபுப்ரூஃபெனும் கொடுக்காதீர்கள், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். பல் மருத்துவரிடம் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். மண்ணீரலை எடுக்கலாம் என்ற பேச்சு வந்தால், அதற்கு முன் பெற்றோர் இருவரின் தட்டணுக்களையும் ஒருமுறை நுண்ணோக்கியில் பார்த்துவிடச் சொல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.